அடுத்த வீட்டுக் கோழிகளும் நம் வீட்டு நாற்றும்

அன்புள்ள சுந்தரம்,

நீ மூன்றாம் வகுப்பில் படித்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அப்போது நாம் மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கொல்லையில் நான் அவரை விதை ஊன்றிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "விதையைத் தலைகீழாப் போட்டுட்டா செடி மண்ணுக்குள்ள போயிடுமாப்பா?" என்றாய். அத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "போட்டுப் பார்ப்போமே" என்றேன். வாத்தியார்களுக்கு இது மிகவும் வசதியான பதில். கௌரவமும் போகாது, பொய்யும் ஆகாது. ஒரு கண்ணாடித் தம்ளரில் மை ஒற்றும் தாளை நனைத்துச் சுருட்டி வைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விதைகளை நேராகவும் தலைகீழாகவும் படுக்கையாகவும் செருகினோம். நீ பள்ளிக்கூடம் போகுமுன் ஒருதரம், வந்தவுடன் ஒருதரம் பார்ப்பாய். முளை விட்டபோது எந்த விதையை எப்படி வைத்திருந்தாலும் வேர் வளைந்து கீழேதான் போயிற்று. "அதுக்கே தெரிஞ்சிருக்குப்பா" என்று நீ ஏமாற்றத்தோடு சொன்னாய். தலைகீழ்ச் செடி ஒன்றைப் பார்க்க உனக்கு ஆசையாக இருந்திருக்கிறது. உன் அம்மா அடுப்படியிலிருந்தபடியே, "அப்ப ஒவ்வொரு விதையா மூக்கு எங்கே, வால் எங்கேன்னு பார்த்துப் பார்த்து ஊன வேணாம். சீக்கிரம் போட்டுட்டு வாங்க, சாதம் ஆறுது" என்றாள்.

உன் கடிதத்தை நேற்றுப் படித்தபோது அந்தத் தம்ளர் ஞாபகம் வந்தது. விதை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்கு மேலே உள்ள வேலைகளில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

உன் அக்காவின் பிள்ளைப்பேற்றுக்காக அம்மாவும் நானும் பெங்களூர் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. குழந்தை நன்றாக இருக்கிறாள். நிறைய அழுகிறாள், அதற்கு ஈடாக நிறையத் தூங்குகிறாள். மாம்பலத்து வீட்டையும் தோட்டத்தையும் உன்னிடமும் கமலத்திடமும் ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறியபோது, கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து செய்ய நல்ல வேலை ஒன்று கிடைத்தது என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் வீட்டோடு வீடு ஒட்டிய தெருவில் வளர்ந்த கமலத்துக்கு, கொல்லை என்று ஒன்று இருப்பதே பெரிய சொத்தாகத் தெரிந்தது. நான் இருந்தபோதே, கத்தரி விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இத்தனூண்டா மாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நீ எழுதியிருப்பதை என் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். தப்பாக இருந்தால் திருத்து. நாற்றங்கால் பாத்தியில் கத்தரியும் மிளகாயும் விதைத்தாய். அடுத்த வீட்டு இஸ்மாயில் சாயபுவின் கோழிகள் வந்து கிளறிவிட்டன. மறுபடி விதைத்தாய். மறுபடி கிளறிவிட்டன. அந்தச் சமயம் சாயபுவின் மனைவி ரஹீமா, வழக்கம்போல மதிலில் உள்ள சின்னக் கதவு வழியாக வந்து நம் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். நீ அவளைப் பார்த்து, கோழியைக் கட்டத் தெரியாதவங்களுக்குக் கதவு எதுக்கு என்று கேட்டுவிட்டாய். அவள் நிரம்பிய குடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அதன்பிறகு அவள் நம் கிணற்றுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தச்சனை வரச் சொல்லியிருக்கிறாய், அந்தக் கதவின் மேல் பலகை வைத்து ஆணி அடித்துவிடலாமா என்று என் அபிப்பிராயம் கேட்கிறாய். கடிதத்தின் ஓரத்தில் கமலம் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "ரஹீமா அத்தை தெருக்கோடிக் குழாயடியில் நிற்பதைப் பார்த்தேன். வெயில் கடுமையாக இருக்கிறது." அந்த ஒரு வரியை உன் அம்மா என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

வேண்டாம் என்று நான் கட்டளை போட மாட்டேன். இப்போது அந்த வீட்டில் குடித்தனம் நடத்துகிறவன் நீ. இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். முழுவதும் படி. பிறகு தச்சனிடம் என்ன சொல்ல நினைக்கிறாயோ அதைச் சொல். ஆனால் நீ கேட்ட இன்னொரு கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பரீட்சையில் சுலபமான கேள்வியை முதலில் எழுதச் சொல்லிப் பழகியவன் நான்.

கோழிக்கு எட்டாமல் ஜன்னலில் வைத்த சட்டியிலும் நாற்று ஏன் படுத்துவிட்டது என்று கேட்டிருக்கிறாய். கிட்டப் போய்ப் பார். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் மாதிரி மெலிந்து கறுத்திருக்கும். அது தண்ணீர் அதிகமானதால் வருவது. ஆசையினால் வருவது என்றும் சொல்லலாம். மாம்பலத்துக்கு நாம் குடிவந்த முதல் வருஷம் எனக்கும் இதே கதிதான். ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடம் அது, உனக்குத் தெரியும். மழை பெய்தால் களிமண் பிசைந்த மாவு, வெயில் அடித்தால் ஓட்டுத் துண்டு. மயிலாப்பூர் மண்ணுக்குப் பழகிய நான் அந்தக் களிமண்ணையே சட்டியில் நிரப்பி விதை போட்டேன். போட்டுவிட்டு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கை தண்ணீர் தெளித்தேன். பள்ளிக்கூடம் போகும்போது ஒரு கை, வந்ததும் ஒரு கை, செய்தித்தாள் படித்துவிட்டு ஒரு கை. உன் அம்மா, "அதுக்கு நீச்சல் கத்துக் குடுக்கறீங்களா?" என்று கேட்டாள். முளைத்த நாற்று எல்லாம் ஒரே வாரத்தில் சாய்ந்துவிட்டது. அடையாற்றுப் பக்கத்திலிருந்து மணல் வண்டி வருகிறதல்லவா, அந்த மணலில் ஒரு பங்கு, நன்றாக மட்கிய சாணம் ஒரு பங்கு, நம் தோட்டத்து மண் ஒரு பங்கு, மூன்றையும் வெயிலில் காயவைத்துச் சலித்துக் கலந்துகொள். சட்டியின் அடியில் ஓட்டை இருக்கவேண்டும், ஓட்டையை ஒரு ஓட்டுச் சில்லு பாதி மறைக்கவேண்டும். விதை எவ்வளவு பருமனோ அவ்வளவு மண் மேலே தூவினால் போதும். அதன்மேல் ஈர வைக்கோல். முளை தெரிந்த அன்றைக்கே வைக்கோலை எடுத்துவிடு, மறுநாள் என்று தள்ளிப் போடாதே. தண்ணீர் காலையில் மட்டும். மண்ணைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஈரம் ஒட்டினால் அன்றைக்கு அதுவும் வேண்டாம். அடுப்புச் சாம்பலைச் சுற்றிலும் தூவினால் எறும்பு விதையைத் தூக்கிப் போகாது.

இன்னொன்றும் உண்டு. முளைத்ததையெல்லாம் வைத்துக்கொள்ள முடியாது. நெருக்கமாக இருக்கிற இடத்தில் சோனியானதைப் பிடுங்கி எறிந்து இடம் விடவேண்டும். இதுதான் எனக்குக் கடைசிவரை கஷ்டமாக இருந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனையும் எப்படியாவது மேல் வகுப்புக்குத் தள்ளிவிடுகிற வாத்தியார் நான். நாற்றைப் பிடுங்கக் குனிவேன், "இன்னும் இரண்டு நாள் பார்ப்போம், தேறிவிடும்" என்று நிமிர்ந்துவிடுவேன். கடைசியில் எல்லா நாற்றும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஒட்டடைக் குச்சி மாதிரி ஒல்லியாக வளர்ந்தது. அம்மா வந்து பார்த்தாள். "இது பள்ளிக்கூடம் இல்லைங்க. எல்லாரையும் பாஸ் பண்ணிவிட்டா யாருக்கும் குழம்புக்குக் காய் கிடைக்காது" என்று சொல்லி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து மளமளவென்று பிடுங்கிப் போட்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வருஷம்தான் முதன்முதலாக நம் வீட்டில் கத்தரி காய்த்தது. உனக்கும் என் மனசுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வேலையைக் கமலத்திடம் விட்டுவிடு.

இனி கோழிகள்.

நாம் குடிவந்த மறுவருஷம் சாயபு குடும்பம் அடுத்த மனையில் வீடு கட்டிக்கொண்டு வந்தது. சாயபுவுக்கு அப்போதும் தையல்தான். வீட்டு முன்கூடத்தில் மிஷின் போட்டிருந்தார். அவர்கள் வந்த அந்த மாசி மாதம் நம் நாற்றங்காலில் கோழிகள் இறங்கி, உனக்கு நடந்ததுபோலவே எல்லாவற்றையும் கிளறிவிட்டன. எனக்கு வந்த கோபம் உன்னுடையதற்குக் குறைந்ததில்லை. ஆனால் நான் வாத்தியார் அல்லவா, கோபமும் இலக்கணமாகத்தான் படுவேன். சாமான் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "ஐயா, தங்கள் வீட்டுக் கோழிகள் எங்கள் எல்லைக்குள் பிரவேசித்து, பயிருக்குச் சேதம் விளைவித்திருக்கின்றன" என்றேன். சாயபு பக்கவாட்டு நடையில் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா வாத்யாரய்யா, மீட்டிங்ல பேசற மாதிரி பேசறீங்க? கோழி வந்துச்சின்னா தொரத்துங்க."

"துரத்தினால் திரும்பவும் வருகிறதே."

"ஒரு தபா சொன்னா கேக்கறதுக்கு அது இன்னா உங்க இஸ்கூல் புள்ளையா?"

உள்ளேயிருந்து அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது. கோபம் இன்னும் அதிகமாயிற்று. மதிலை உயர்த்திக் கட்டிவிடுவது என்று அப்போது நானும் தீர்மானித்தேன். கொத்தனாரிடம் பேசியும் ஆயிற்று. அவன் வருவதற்குள் உன் அம்மா அதே பெட்டியின்மேல் ஏறிவிட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ரஹீமா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா ரஹீமா, நாங்க இங்க நாத்து விட்டிருக்கோம்னு தெரிஞ்சா கோழியை அடைச்சு வைக்க மாட்டியா?"

"நல்லா கேட்டக்கா. நான் பாக்க சொல்ல வெறும் மண்ணுதான் கீது. உள்ள நீ இன்னா வச்சிக்கீறேன்னு எனக்கு இன்னா தெரியும்? கோழிக்குத்தான் இன்னா தெரியும்? போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லு, கூடையைப் போட்டுக் கவுத்துடறேன். கூடை சும்மாத்தான் கீது."

அவ்வளவுதான் நடந்தது. கொத்தனாரை நான் திருப்பி அனுப்பினேன். அவள் சொன்னதை நான் பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். விதை போட்ட பாத்தியும் போடாத பாத்தியும் பார்வைக்கு ஒன்றுதான். கொத்திக் கிளறி ஈரமாக்கிய மண் என்றால் கோழிக்கு அது இலை போட்டுப் பரிமாறிய மாதிரி. அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் விதைக்கிற அன்று காலையில் உன் அம்மா ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் கொஞ்சம் வெல்லமும் எடுத்துக்கொண்டு போய், "இன்னிக்குப் போடறோம்" என்று சொல்லிவிட்டு வருவாள். அன்றிலிருந்து நாற்று ஒரு ஜாண் உயரம் வரும்வரை கோழிகள் கூடைக்குள் இருக்கும். சும்மா இருக்குமா? மேய்கிற கோழி தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும், அடைத்த கோழிக்கு நாம்தான் போடவேண்டும். ரஹீமா அதைப் பற்றி ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. முளைக்கீரைப் பாத்தியில் நாங்கள் நெருக்கம் கலைத்துப் பிடுங்கியது, களை, காய் நறுக்கிய தோல் எல்லாவற்றையும் அம்மா அந்தக் கூடைக்கு அனுப்பிவிடுவாள். இது ஒரு பக்கத்து ஏற்பாடும் இல்லை. அவர்கள் வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தால் நமக்குச் செய்தி வரும். நீ மதிலில் பந்து அடித்து விளையாடுவாயே, சில வாரங்கள் மட்டும் அம்மா உன்னைத் தெருவில் போய் விளையாடச் சொல்லி விரட்டுவாள், ஞாபகம் இருக்கிறதா? அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் கோழி முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. நீ ஏன் என்று கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

கதவு வந்தது அதற்கு அடுத்த மழைக்காலத்தில். தெரு வழியாகச் சுற்றிப் போனால் முழங்கால் சேறு. அவர்கள் கிணற்றில் தண்ணீர் உப்பு, நம் கிணற்றில் நல்ல தண்ணீர். அதே ஏரிக்குள் பத்து அடி தள்ளி இப்படி ஒரு வித்தியாசம் இருப்பது இன்றுவரை எனக்குப் புரியாத விஷயம். ரஹீமா குடத்தோடு சேற்றில் சுற்றி வருவதை ஒருநாள் பார்த்துவிட்டு, சாயபுவே ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து கடப்பாரையை எடுத்தார். "வாத்யாரய்யா, அன்னிக்கு மதிலை ஒசத்தறேன்னீங்களாமே. நான் இடிக்கறேன், நீங்க ஒசத்துங்க. யார் ஜெயிக்கறாங்கன்னு பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே செங்கல்லை உருவினார். நிலையும் கதவும் என் பொறுப்பு என்றேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் விரிசல் விட்ட பழைய கரும்பலகையைக் கழித்துப் போட்டிருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கி வந்து கதவாக அறுத்து மாட்டினேன். நீ அதில் சாக்கட்டியால் கணக்குப் போடுவாய். காலையில் பார்த்தால் ரஹீமாவின் தங்கை மகள் அந்தப் பக்கத்திலிருந்து வந்து அதன் கீழேயே ஒரு யானை வரைந்து வைத்திருப்பாள். நீ ஆணி அடிக்கப்போவது அந்தப் பலகையில்தான்.

கதவு வந்தபின் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். நீ அப்போது சின்னப் பையன், உனக்குச் சொல்லவில்லை. மதில் ஓரத்தில் நட்ட கத்தரிச் செடிகள் அந்த வருஷம் அபாரமாக வளர்ந்தன. மற்ற பாத்தியில் இருந்தவை சாதாரணமாக இருக்க, இவை மட்டும் கருகருவென்று இலையும் கொத்துக் கொத்தாகக் காயுமாக நின்றன. என் மண் கலவைதான் காரணம் என்று நான் பார்த்தவர்களிடமெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழாவுக்கு மயிலாப்பூர் போனபோது உன் பெரியம்மா வீட்டுக்கு ஒரு கூடை எடுத்துப் போனோம். திருவிழா முடியும்வரை வெங்காயத்தைக்கூட வீட்டுக்குள் விடாதவள் அவள். கறி செய்து சாப்பிட்டுவிட்டு, "இந்த மாதிரிக் கத்தரிக்காய் நான் சாப்பிட்டதே இல்லை" என்றாள். மறுநாள் வீட்டுக்கு வந்து அம்மா கொல்லைக்குப் போகிறாள், ரஹீமா ஒரு சட்டியை மதிலோரச் செடிகளின் அடியில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அது என்ன தண்ணி ரஹீமா?"

"மீனு கழுவினதுக்கா. குப்பத்துலேந்து மீன்காரி வர்ற அன்னிக்கெல்லாம் ஊத்திக்கினுதான் கீறேன். உன் செடிக்கு ரொம்பப் புடிச்சிக்கீது."

அம்மா உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். நம் வீடு சைவம். முட்டை வாசனை வந்தாலே ஜன்னலைச் சாத்துகிறவள் அவள். "ஏங்க, செடி குடிச்சா நாம குடிச்ச மாதிரியா?" என்றாள். வேர் எப்படித் தண்ணீரில் கரைந்த உப்புகளை மட்டும் உறிஞ்சுகிறது என்று நான் ஆரம்பித்தேன். "பாடம் வேணாம். ஆமாவா, இல்லையா?" என்றாள். "இல்லை" என்றேன். "அப்ப சரி" என்று எழுந்து அரிவாள்மனையை எடுத்து, முந்தின நாள் பறித்து வைத்திருந்த கத்தரிக்காயையே நறுக்க உட்கார்ந்தாள். பிற்பகலில் ரஹீமாவிடம் போய் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள்: வெள்ளிக்கிழமை மட்டும் ஊற்றவேண்டாம். "அவ்ளோதானக்கா? வெள்ளிக்கெழமை உங்க செடிக்கும் வெரதம்னு சொல்லு" என்று சிரித்தாள் ரஹீமா. அந்த வழக்கம் இன்றுவரை நடக்கிறது. உன் பெரியம்மாவுக்கு மட்டும் இன்றுவரை தெரியாது. அவள் நம் வீட்டுக்கு வரும் அன்று இந்தக் கடிதம் மேஜைமேல் கிடக்காமல் பார்த்துக்கொள்.

இப்போது நேற்று இங்கே நடந்ததைக் கேள். உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். அம்மா குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தரம் போட்ட விதையும் போய்விட்டதே என்று வருத்தப்படுவாள் என நினைத்தேன். அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "விதை போடறதுக்கு முன்னாடி ரஹீமாகிட்டச் சொன்னானா?" என்று கேட்டாள்.

நான் கடிதத்தை மறுபடி ஒருமுறை பார்த்தேன். அப்படி ஒன்றும் அதில் இல்லை.

"சொல்லணும்னு நீங்க அவன்கிட்டச் சொன்னீங்களா?"

"வருஷா வருஷம் நீதானே போய்ச் சொல்றே. அது என் இலாகாவா?"

"நான்தான் இங்க இருக்கேனே."

உன் அக்கா கட்டிலில் படுத்தபடியே, "பாவம் கோழி. சொல்லாதவங்க எல்லாரும் சேர்ந்து அதை நிக்க வெச்சுக் கேள்வி கேட்டிருக்கீங்க" என்றாள்.

சாம்பல் எங்கே இருக்கிறது, பூவாளி எங்கே தொங்குகிறது, எந்தப் பாத்திக்கு எத்தனை குடம் என்றெல்லாம் நான் உன்னிடம் ஒப்பித்துவிட்டு வந்தேன். இதைச் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. பதினைந்து நிமிஷத்தில் பெட்டி கட்டுகிற அவசரத்தில் அவளுக்கு வெந்தயம் எடுத்துக்கொள்ளத்தான் ஞாபகம் இருந்தது. ஆகவே நீ அறியாமல் செய்தாய் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரஹீமாவின் இடத்திலிருந்து ஒருதரம் பார். ஒவ்வொரு வருஷமும் வெற்றிலைத் தட்டோடு வந்து சொன்ன வீடு, இந்த வருஷம் சொல்லவில்லை. பெரியவர்கள் ஊரில் இல்லை, பிள்ளைக்கு நம் உறவு வேண்டியதில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்திருக்கலாம். அதற்கு மேல், கதவு எதுக்கு என்று நீயே வாய்விட்டுக் கேட்டும்விட்டாய். தான் நினைத்தது சரிதான் என்று அவள் குடத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். உன் கையைப் பிடித்து அடுத்த தெரு ஐஸ்காரனிடம் கூட்டிப் போனவள் அவள். உன்னிடம் பதிலுக்குப் பதில் பேச அவளுக்கு வாய் வராது. பேசியிருந்தால் இந்த விஷயம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அவள் பேச்சில் என்னாலேயே ஜெயிக்க முடிந்ததில்லை.

பலகை அடித்தால் கோழி வராது என்பதும் நிச்சயமில்லை. கோழிக்கு அந்தக் கதவே தேவையில்லை, மதில்மேல் ஏறித்தான் வருகிறது. கதவை மூடினால் வராமல் போகிறவள் ரஹீமா மட்டும்தான். இன்னும் பங்குனி, சித்திரை வெயில் முழுவதும் பாக்கி இருக்கிறது. தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் வரும் லட்சணம் உனக்குத் தெரியும்.

மாசி இன்னும் முடியவில்லை, ஆகவே தோட்டத்துக்கு நேரம் போய்விடவில்லை. கத்தரியும் மிளகாயும் இன்னொரு தரம் விதைக்கலாம். சமையலறை அலமாரியில் சாம்பல் கலந்து கட்டி வைத்த விதைப் பொட்டலம் இன்னும் ஒன்று இருக்கிறது. தக்காளியும் கொஞ்சம் போடு, கமலத்துக்குப் பிடிக்கும். வெண்டை, கொத்தவரை, புடலை இவற்றுக்கு நாற்று வேண்டாம், நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிடு. முளைத்த நாற்றுக்கு நாலாம் இலை வந்தபின், வெயில் தாழ்ந்த நேரத்தில், பாத்தியை நனைத்து வேரோடு மண் ஒட்டியிருக்கப் பெயர்த்து நடு. நட்டு இரண்டு மூன்று நாளைக்கு ஒவ்வொன்றின் தலைக்கும் வாழைமட்டையால் ஒரு குல்லா போடு. தச்சன் ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வருகிறான், கூலியும் பேசியாயிற்று என்கிறாய். அவனைச் சும்மா அனுப்பவேண்டாம். புடலைக்கு ஒரு பந்தல் வேண்டும் என்று நான் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைப் போடச் சொல்லலாம். அது உன் யோசனைக்கு.

சாயபு அநேகமாக உன்னைக் கேலி செய்வார். செய்யட்டும், சிரித்துவிட்டு வா. மன்னிப்புக் கேட்பதா, எப்படிக் கேட்பது என்றெல்லாம் இப்போதிருந்தே ஒத்திகை பார்க்காதே. நீயும் என்னைப் போலச் செந்தமிழில் ஆரம்பித்துவிடுவாய். கமலத்தையும் அழைத்துப் போ, அவளுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், விதைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால், அந்தக் கதவைத் தட்டி, "அத்தை, இன்னிக்கு விதை போடறோம்" என்று ரஹீமாவிடம் சொல். அவள் கூடையைக் கவிழ்த்தபிறகு போய் விதை.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா